பொன்னியின் வால்

எங்க கோல்டன் ரெட்ரீவர் நாய் பொன்னிக்கு இன்னிக்கு வீட்டுலயே வால் முடி வெட்டினேன். மழை வந்தா தெருச் சேறு பூரா அந்தத் தோகையில ஒட்டிச் சிக்கு விழுந்துடுது, பாவம்.

குளிப்பாட்டி நல்லா காய்ஞ்சப்புறம்தான் கத்தரி எடுக்கணும். ஈர முடி நீளமாத் தெரியும், காய்ஞ்சா ஏறிக்கும். சிக்கெடுத்துச் சீவிட்டு, வால் எலும்பு எங்க முடியுதுன்னு தடவிப் பாருங்க. அந்த நுனியைக் கட்டைவிரலால மூடிப் பிடிச்சு, மிச்ச முடியை லேசா முறுக்கி, விரலைத் தாண்டி மட்டும் வெட்டுங்க. இதுல அவசரமே கூடாது. நுனியில காயம் பட்டா, ஆட்டி ஆட்டி ஆறவே விடாதுங்க.

அப்புறம் வாலை நேரா நீட்டி, முடியைக் கீழ்ப்பக்கமாச் சீவி, நடுவுல நீளமா, ரெண்டு பக்கமும் குறைஞ்சு வர்ற மாதிரி பிறை வடிவத்துல நறுக்கினேன். மொட்டை முனைக் கத்தரிதான். அம்மா மடியில தலையை வெச்சு அசையாம நின்னா என் தங்கம்.

இப்ப வாசல்ல நின்னு ஆட்டிக்கிட்டிருக்கா. பார்த்துட்டே இருக்கலாம் போல இருக்கு.