வெளிநாட்டு ஆய்வுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள்

புதுச்சேரி காலாப்பட்டில் பிஎச்.டி. செய்யும்போதே பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வுக்கு விண்ணப்பித்தேன். ஒரு பட்டத்துக்கு என்ன பெயர் என்பதை விட, அந்த நாட்டில் அது எந்தப் படியில் இருக்கிறது, வாங்கியவருக்கு என்ன உரிமை தருகிறது என்பதுதான் முக்கியம் என்று அப்போது புரிந்தது.

முதலில் பிரான்ஸ். புதுச்சேரிக்காரர்களுக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான். பிரெஞ்சு நிறுவன நூலகத்துக்குப் போய்ப் பழைய ஆய்வேடுகளைப் படிப்பவர்கள் முதல் பக்கத்தில் ஆண்டைக் கவனியுங்கள். 1984 சீர்திருத்தத்துக்கு முன் அங்கே முனைவர் பட்டம் ஒரே வகையாக இல்லை. மூன்றாம் சுற்றுப் பட்டம் என்பது சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அரசு முனைவர் பட்டமோ பலருக்குப் பத்தாண்டுகளைத் தாண்டிய உழைப்பு. இரண்டுக்கும் பெயர் 'தொக்தொரா'தான். 1984-க்குப் பிறகு ஒரே முனைவர் பட்டம் வந்தது. அதற்கு மேல், மற்றவர்களின் ஆய்வுக்கு வழிகாட்ட அனுமதிக்கும் எச்.டி.ஆர். என்ற தகுதியும் வந்தது.

இந்த எச்.டி.ஆர். விஷயம் விண்ணப்பிப்பவருக்கு ரொம்ப முக்கியம். முனைவர் பட்டம் இருந்தால் மட்டும் அங்கே பிஎச்.டி. மாணவருக்கு முதன்மை வழிகாட்டி ஆகிவிட முடியாது. பொதுவாகப் பேராசிரியராகவோ எச்.டி.ஆர். பெற்றவராகவோ இருக்க வேண்டும். நான் தேடிப்போன ஆய்வாளரிடம் அது இல்லை. அவரே தன் ஆய்வகத்தில் தகுதியுள்ள மூத்தவர் ஒருவரைச் சொல்லி, இருவருமாகச் சேர்ந்து வழிகாட்டலாம் என்றார். அதனால் மின்னஞ்சல் அனுப்பும் முன் அவர்களுடைய பக்கத்தில் இதைப் பார்த்துவிடுங்கள். இல்லை என்றால் தயங்க வேண்டாம், கூட்டு வழிகாட்டல் சாத்தியமா என்று நேராகவே கேளுங்கள்.

ஜெர்மனியில் துறையைப் பொறுத்துப் பெயர் மாறும். அறிவியலுக்கு டாக்டர் ரெர். நாட்., பொறியியலுக்கு டாக்டர்-இங்., கலைத்துறைகளுக்கு டாக்டர் ஃபில். மூன்றும் ஒரே நிலைதான். ஆக்ஸ்ஃபோர்டின் டி.ஃபில். என்பதும் பிஎச்.டி.யேதான். ரஷ்யாவில் 'கந்திதாத்' என்றிருந்தால் குறைவாக நினைத்துவிடாதீர்கள், நம் பிஎச்.டி.க்கு இணையாகக் கருதப்படுவது அதுதான், 'தோக்தோர் நாவுக்' அதற்கும் மேல்.

ஜிப்மர் போன்ற மருத்துவ நிறுவனங்களில் படிக்கும் நண்பர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்தபின் வரும் பட்ட மேற்படிப்பு. அமெரிக்காவில் மருத்துவரின் முதல் பட்டமே எம்.டி. பிரிட்டனிலோ அது ஆய்வுப் பட்டம். ஆகவே ஆய்வுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை ஆண்டு படிப்பு, ஆய்வேடு எழுதினீர்களா என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் பட்டத்தின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். அந்த நாட்டுப் பெயராக நீங்களே மாற்ற வேண்டாம். அப்புறம், படிப்பு முடித்துத் திரும்பி வந்து இங்கே உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போக நினைத்தால், வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணை என்று காட்டும் சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள். சேர்க்கைக் கடிதம், ஆண்டுதோறும் பதிவு செய்த ரசீது, வாய்மொழித் தேர்வு அறிக்கை எல்லாவற்றையும் அங்கிருக்கும்போதே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.