ஒளி மங்கியதற்கு யார் காரணம்?

ஒளிரும் கரிமச் சேர்மங்களை வைத்துச் சென்சார் செய்யும் லேபில் சில வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். சேர்மத்தை ஒளிர வைப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. ஒளி ஏன் மங்கியது என்று கண்டுபிடிப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும்.

நாங்கள் அதிகம் புழங்கியது டெட்ராஃபீனைல்எத்திலீன், சுருக்கமாக டிபிஇ. இரட்டைப் பிணைப்பு ஒன்றைச் சுற்றி நான்கு பென்சீன் வளையங்கள். டிஎச்எஃப் என்ற கரைப்பானில் கரைத்துப் புற ஊதா விளக்கில் காட்டினால் ஒன்றுமே தெரியாது. தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே போய், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர் ஆகும்போது குவெட் (கரைசலை ஊற்றி அளக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) முழுக்க நீலமாகப் பற்றிக்கொள்ளும். கரைந்திருக்கையில் வளையங்கள் சுழன்று சுழன்றே வாங்கிய ஆற்றலை வெப்பமாகத் தொலைத்துவிடும். தண்ணீரில் கரைய முடியாமல் திரண்டதும் சுழல இடம் ஏது? ஆற்றல் ஒளியாக வந்துதான் ஆக வேண்டும். திரண்டால் ஒளி அணையும் என்றுதான் அதுவரை பாடம். 2001-ல் ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழு சிலோல் சேர்மம் ஒன்றில் அதற்கு நேர்மாறாகப் பார்த்தது.

இந்த நீலத்தில் பிக்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒளி குறையும். வெடிபொருளைக் கண்டறியும் சென்சார் தயார்! அமிலம் கூடக் கூட ஒளி எவ்வளவு அணைகிறது என்று காட்டும் ஸ்டெர்ன்-வோல்மர் கோடு போட்டால் கட்டுரையும் தயார். டிபிஇயின் எலக்ட்ரானை நைட்ரோ தொகுதிகள் பிடுங்கிக்கொள்கின்றன என்று காரணமும் எழுதிவிடலாம்.

எங்கள் கைடு மேடம் அங்கேதான் பிடிப்பார். "பிக்ரிக் அமிலத்துக்கு மட்டும் தனியா யூவி எடுத்தியாப்பா?" எந்த அலைநீள ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தாயா என்று அர்த்தம்.

எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். பிக்ரிக் அமிலமே மஞ்சள். 350 நானோமீட்டர் பக்கத்தில் நன்றாக உறிஞ்சும், அதன் வால் 400-ஐத் தாண்டியும் நீளும். நாம் டிபிஇக்கு அனுப்பும் ஒளியை அது பாதி வழியிலேயே விழுங்கிவிடுகிறது. ஜன்னலில் திரை போட்டுவிட்டு வெயில் குறைந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் இது. அனுப்பும் அலைநீளத்திலும் வெளிவரும் அலைநீளத்திலும் உறிஞ்சலை அளந்து கணக்கைத் திருத்தினால், அழகாக மேல்நோக்கி வளைந்த கோடு பல நேரம் படுத்துவிடும். ஒளிர்வின் ஆயுளை, அதாவது ஒளியூட்டிய பிறகு ஒளிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை, அளப்பதும் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. திரை போட்டால் ஆயுள் மாறாது, டிபிஇயும் அமிலமும் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டு அணைந்தாலும் ஆயுள் மாறாது. இந்தத் திருத்தம் இல்லாத கட்டுரைகளை நான் இன்றும் நம்புவதில்லை.

(பிக்ரிக் அமில பாட்டிலை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். மூடியின் மரையில் படிகம் காய்ந்திருந்தால் திருகவே கூடாது. உரசலே போதும், வெடிக்க.)

வெடிபொருள் வேலையை உருப்படியாகச் செய்தது எம்ஐடியில் திமோதி ஸ்வேகர் குழு. அவர்களுடையது கரைசல் இல்லை, பாலிமர் படலம். காற்றில் கலந்த துளியூண்டு டிஎன்டி ஆவி திரை போட முடியாது. அது பாலிமர் சங்கிலியில் ஓரிடத்தில் ஒட்டினாலே போதும். சங்கிலி நெடுகிலும் ஓடிவரும் ஆற்றல் அங்கே சிக்கி அணைந்துவிடும்.

உலோக அயனிக்குச் சென்சார் செய்ய வரும் ஜூனியர்களிடம் ரோடமின் என்ற சாயத்தைத்தான் சொல்வேன். மூடிய வளையமாக இருக்கும்போது அதற்கு நிறமும் இல்லை, ஒளியும் இல்லை. அதற்கென்று கட்டமைத்த வகையில் பாதரச அயனி பட்டால் வளையம் திறந்து இளஞ்சிவப்பாகும், ஒளிரவும் செய்யும். ஒளி மங்குவதற்குப் பல சாக்குகள் உண்டு, இருட்டிலிருந்து வெளிச்சம் வருவதற்குச் சாக்குகள் குறைவு. இன்னொரு வசதியும் உண்டு. ஏரித் தண்ணீரில் மக்கிய இலைதழையின் கரிமப் பொருட்கள் கரைந்திருக்கும். புற ஊதாவில் அவையே நீலமாக ஒளிரும், டிபிஇயோடு குழம்பும். ரோடமினுக்குப் பச்சை ஒளி போதும் என்பதால் அந்தத் தொல்லை குறைவு. அப்படியும், சாயம் சேர்க்காத ஏரித் தண்ணீரை முதலில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வா என்றுதான் அனுப்புவேன். பேப்பர் ஸ்டிரிப் போடுவதானால் ஏ4 தாள் வேண்டாம். வெள்ளையாகத் தெரிவதற்காகச் சேர்த்த சாயம் அதிலும் இருக்கும், விளக்கில் காட்டினால் அதுவே நீலமாக மின்னும்.