ஷட்டர் திறந்தா தண்ணி எப்ப வரும்

கணக்குல பி.எச்டி. பண்ணிட்டிருந்தப்போ ஆனைமலைல எங்க அப்புச்சி "வாத்தியார் வேலைக்குத்தானே கண்ணு படிக்கற"ன்னு கேப்பாரு. இல்லீங் அப்புச்சி, தண்ணி எப்படி ஓடும்னு கணக்கு போடற வேலைன்னா, அதுக்கென்ன கணக்கு, பள்ளத்துக்குத்தான் ஓடும்பாரு. சரிதான், ஆனா எவ்வளவு நேரத்துல ஓடும்ங்கறதுலதான் என் பதினெட்டு வருஷ வேலையே இருக்கு.

எங்க பக்கம் அது பெரிய கேள்வி. தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆழியாத்துல இருந்து வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளாவுக்கு, சித்தூர் பாசனத்துக்கு, மணக்கடவு அணைக்கட்டுல அளந்து விடணும். வருஷம் பூரா சமமா விட்டா வினாடிக்கு 230 கன அடி, ஆனா பயிர் என்னிக்கு சமமா தண்ணி கேட்டுச்சு?

மொத வேலை ஒரு கிளை வாய்க்கால், 30 கிலோமீட்டர். வாய்க்கால்ல தண்ணி எப்படி ஓடும்னு செயின்ட் வெனான் 1871ல எழுதின சமன்பாட்ட கம்ப்யூட்டர்ல போட்டு, காலைல 6 மணிக்கு ஷட்டர் தூக்கினா மதியம் 2 மணிக்கு கடைமடைக்கு வந்துரும்னு எழுதிக் குடுத்துட்டேன். அங்க இருந்த லஸ்கர் அய்யா, வாய்க்கால் காவல் பாக்கறவரு, பேப்பர பாக்கக்கூட இல்ல, "வராதுங் தம்பி, ராத்திரி சோறு உண்டுபோட்டு வாங்"ன்னாரு. எட்டரைக்குத்தான் வந்துச்சு. அதுவரைக்கும் வெவசாயிக மம்பட்டியோட கரைல உக்காந்திருந்தாங்க, எம்பேச்ச நம்பி. அது இன்னும் மனசுல கெடக்கு.

மறுநாள் அவரு என்னைய கரை மேல நடக்க வெச்சாரு. வரைபடத்துல சிமெண்ட் வாய்க்கால்னு இருந்துச்சு, அதனால மானிங் எண் (வாய்க்கால் எவ்வளவு சொரசொரப்புன்னு சொல்ற எண், கூடினா தண்ணி மெதுவாப் போகும்) 0.015 போட்டிருந்தேன், நேர்ல பாத்தா சிமெண்ட் பேந்து, வண்டல் சேந்து, கோரை மண்டிக் கெடக்கு, 0.03 போடணும். அத மாத்தினதும் விடை ராத்திரி ஏழு மணிப் பக்கம் வந்துச்சு. மீதி ஒன்றரை மணி நேரத் தண்ணியும் காஞ்சு கெடந்த மண்ணு குடிச்சதுங்க, அதுக்கு என் கணக்குல எடமே வெக்கல. சமன்பாடு தப்பில்ல, ஆனா உள்ள போடற அந்த எண்ண ஆபீஸ்ல உக்காந்து எடுக்க முடியாது.

அப்பறம் எந்த வாய்க்கால் வேலை வந்தாலும் மொத வாரம் நடைதான், எப்ப தூர் வாருனாங்கன்னு லஸ்கர்கிட்ட கேட்டு தேதியோட எழுதிக்குவேன். போன வருஷம் புதுசா சேந்த பொண்ணு ஒண்ணு, வெயில்ல நடந்துட்டு வந்து, "சார், ஆறாவது கிலோமீட்டர்ல ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடக்கு, அங்க மட்டும் 0.05 போடட்டுமா"ன்னு கேட்டுச்சு.

போடும்மான்னேன்.