ஒரே அளவு காட்மியம், இரண்டு விதமான செல்கள்

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் பிசி-3 செல்களுக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றிலிருந்து எடுத்து, 1979இல் அறிவிக்கப்பட்ட செல் வகை அது. மறுநாள் எம்டிடி சோதனை. உயிரோடு இருக்கும் செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். தட்டின் இடது பாதிக் குழிகள் வெளிறிக் கிடந்தன. வலது பாதியில், அதே காட்மியத்திலும், கத்தரிப்பூ நிறம் அடர்ந்து ஏறியிருந்தது.

பைப்பெட்டில் கை தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். சீனியர் அக்கா தட்டைப் பார்க்கவில்லை, ஃபிளாஸ்க்குகளை எடுத்துவரச் சொன்னார். ஒன்றின் மூடியில் எழுதியிருந்தது ஆல்கஹால் பட்டு அழிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 'துத்த' என்று மட்டும் தெரிந்தது. வேறொரு சோதனைக்காக முந்தைய நாள் நானே கொஞ்சம் துத்தநாகம் சேர்த்து வைத்த ஃபிளாஸ்க் அது. வலது பாதிக்குப் போன செல்கள் அதிலிருந்து எடுத்தவை.

"எவ்வளவு குடுத்தேன்னு எழுதியிருக்க. அதை வாங்கிக்கிட்ட செல் எந்த நிலையில இருந்துச்சுன்னு எழுதலையேப்பா" என்றார்.

விஷயம் இதுதான். துத்தநாகம் உள்ளே வந்ததும் எம்டிஎஃப்-1 என்ற புரதம் அதை உணர்ந்து, மெட்டல்லோதயோனின் மரபணுக்களை முடுக்கிவிடும். மெட்டல்லோதயோனினில் அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள், அவற்றில் 20 உலோகத்தைப் பற்றும் சிஸ்டீன்: சின்னஞ்சிறு புரதம். ஆனால் ஒன்றே ஏழு உலோக அயனிகளைக் கட்டிப்போடும். 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில், காட்மியத்தோடு சேர்ந்தே அகப்பட்ட புரதம் இது. என் வலது பாதிச் செல்கள் காட்மியம் வருவதற்கு முன்பே அதைத் தயாரித்து வைத்திருந்தன.

அப்புறம் வேண்டுமென்றே அதைச் செய்தேன், பாதிக்கு முன்கூட்டியே துத்தநாகம், பாதிக்கு இல்லை. அந்த மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்று காட்டும் ஆர்என்ஏ அளவையும் பார்த்தோம். எந்தத் தட்டில் மெட்டல்லோதயோனின் ஏறியிருந்ததோ அதில்தான் ஊதா நின்றது.

புராஸ்டேட்டில் இது இன்னும் கூர்மையான கேள்வி. ஆரோக்கியமான புராஸ்டேட் செல் துத்தநாகத்தை ஏராளமாகச் சேர்த்து வைக்கும். அதனால்தான் மற்ற செல்கள் ஆற்றலுக்காக எரிக்கும் சிட்ரேட் இங்கே எரியாமல் விந்துத் திரவத்துக்குப் போகிறது. புற்றானதும் துத்தநாகத்தை உள்ளே விடும் ஜிப்-1 மரபணு அடங்கி, சேமிப்பு வற்றிவிடுகிறது. சில கட்டிகளில் எம்டி1ஜி என்ற மெட்டல்லோதயோனின் மரபணுவின் முகப்பே மெத்தில் என்ற சிறு வேதிக் குழுக்களால் பூட்டப்பட்டிருக்கிறது. வாசலும் மாறி, காவலும் மாறிய ஒரு செல்லுக்கு 'இந்த அளவில் சாகும்' என்று ஒரே எண் சொல்வதை நான் இன்று ஏற்பதில்லை.

இப்போது மூடியில் எழுதுவதில்லை. ஃபிளாஸ்க்கின் பக்கவாட்டில் டேப் ஒட்டி, செல்லுக்கு நேற்று என்ன கொடுத்தேன் என்பதைப் பென்சிலால் எழுதுகிறேன்.