நரின் மாகாணத்து ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதிய அனுபவம்

கிர்கிஸ்தானில் மருத்துவம் படித்த ஆண்டுகளில், அந்த நாட்டைப் பற்றித் தமிழில் தேடும்போதெல்லாம் கல்லூரிக் கட்டணமும் விமானப் பயணமும் மட்டுமே கிடைத்தன. மக்கள் வாழும் ஊர்களின் பெயர்கள் தமிழில் ஏறக்குறைய இல்லவே இல்லை. படிப்பு முடிந்த பின்னரும் சில மாதங்கள் அங்கே தங்க நேர்ந்தபோது, மலைகள் சூழ்ந்த நரின் மாகாணம் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு, அதன் ஊர்கள், ஊராட்சிகள், ஆறுகள் ஆகியவற்றைக் கலைக்களஞ்சியப் பதிவுகளுக்கு ஏற்றபடி தமிழில் பட்டியலிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு வாரத்தில் முடியும் என்று எண்ணிய வேலை ஏழு மாதங்களை எடுத்துக்கொண்டது.

நிர்வாக அமைப்பைப் புரிந்துகொள்வது கடினமாக இல்லை. மாகாணத்தை ஒப்லுஸ் என்கிறார்கள். அதற்குள் அக்-தலா, அத்-பஷு, ஜும்கல், கொச்கொர், நரின் என ஐந்து மாவட்டங்கள் உள்ளன. மாவட்டத்துக்குக் கீழே அயில் அய்மக் என்னும் அமைப்பு வருகிறது. ஒன்றோ பலவோ ஆன கிராமங்களைச் சேர்த்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தோடு இயங்கும் இந்த அமைப்புக்கு 'கிராமப்புற மாவட்டம்' என்று நீட்டி எழுதுவதைவிட, 'ஊராட்சி' என்ற நம் சொல்லே சரியாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. ஆனால் அண்மை ஆண்டுகளில் பல ஊராட்சிகளை ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். எனவே 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து நான் முதலில் எழுதிய பிரிவுகளில் சில பழையனவாகிவிட்டன. புதிய பட்டியலைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். முத்திரையிட்ட கடிதம் வேண்டும் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, அங்கே பணிபுரிந்த ஓர் இளம்பெண் தன் மேசையிலிருந்த அச்சுப் படியைக் காட்டி, உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு பிற்பகலில் நான் எழுதிக்கொண்டதுதான் முழுப் பட்டியலுக்கும் அடித்தளமாக அமைந்தது.

உண்மையான சிக்கல் ஒலியில் இருந்தது. கிர்கிஸ் மொழியின் 36 எழுத்துகளில் 33 ரஷ்ய மொழிக்கும் உரியவை. மீதி மூன்று கிர்கிஸ் ஒலிகளுக்காகச் சேர்க்கப்பட்டவை. வரைபடங்களில் உள்ள பெயர்கள் பெரும்பாலும் ரஷ்ய வடிவத்தின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. அவற்றிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தால் ஊர்க்காரர் சொல்லும் பெயருக்கும் நாம் எழுதும் பெயருக்கும் இடையே இரண்டு மொழிகள் நின்றுவிடுகின்றன. கிர்கிஸ் வடிவத்தைக் காதால் கேட்டு நேராக எழுதத் தொடங்கியபோதுதான் தமிழ் எழுத்து இந்த மொழிக்கு எவ்வளவு இணக்கமானது என்பது தெரிந்தது. அங்கே உயிரெழுத்தை இரட்டித்துக் காட்டும் நெடிலை நாம் ஓர் எழுத்திலேயே எழுதிவிடுகிறோம். 'தோ' என்றால் மலை, 'தூ' என்றால் கொடி. சோவியத் காலத்து 'செங்கொடி' என்ற பொருளில் பல மாகாணங்களில் இருக்கும் கிசில்-தூ என்ற ஊர்ப் பெயரைக் கிசில்-தோ என்று எழுதினால் அது செம்மலையாகிவிடும். 'அத்-பஷு' என்பதன் இறுதியில் வரும் ஒலி, 'பந்து', 'காற்று' ஆகிய சொற்களின் இறுதியில் நாம் இதழ் குவிக்காமல் ஒலிக்கும் குற்றியலுகரம்தான். ஆகவே அந்த ஒலி சொல்லின் இறுதியில் வந்தால் உகரமும், 'நரின்' என்பதைப் போல நடுவில் வந்தால் இகரமும் இடுவது என்று விதி வகுத்துக்கொண்டேன். 'புதிய' என்று பொருள்படும் சொல்லில் ஙகரம் உயிரேறி வருகிறது. அரிச்சுவடியோடு நாம் விட்டுவிடும் 'ஙு' அங்கே ஊர் ஊராக வாழ்கிறது. அக்-தலா மாவட்டத்து ஜங்ஙு-தலப் என்ற பெயரைப் பார்த்த நண்பர்கள் அச்சுப்பிழை என்றார்கள்; நான் மாற்றவில்லை. ஓர் இடத்தில் மட்டும் தெரிந்தே விதியை மீறினேன். ஏரியைக் குறிக்கும் சொல்லில் இருப்பது குறில். அதை அப்படியே எழுதினால் 'கொல்' என்றாகும் என்பதால், கடல் மட்டத்திலிருந்து 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த அழகிய நீர்ப்பரப்பைச் சொங்-கோல் என்றே எழுதினேன்.

பெயர்களை நேரில் கேட்பதற்காக, செப்டம்பர் மாத இறுதியில் பிஷ்கெக்கிலிருந்து மஷ்ருத்கா என்னும் பகிர்வு வேனில் கொச்கொர் சென்று, அங்கிருந்து 3,030 மீட்டர் உயரத் தொலொன் கணவாயைக் கடந்து நரின் நகரை அடைந்தேன். வேனில் உடன் வந்தவர்களிடம் பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊரை மூன்று முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். ஒரு முதியவர் பாயெதொவ் என்ற பெயரைக் கண்டதும், தம் இளமையில் அது துர்பொல்ஜின் என்று வழங்கியதாகச் சொன்னார்; பாடகர் மூசா பாயெதொவின் நினைவாகப் பின்னாளில் பெயர் மாற்றப்பட்ட ஊர் அது. அன்றிலிருந்து பழைய பெயருக்கும் ஒரு பத்தி சேர்த்தேன்.

அத்-பஷு மாவட்டத்தில் கொஷொய்-கொர்கொன் என்னும் பழங்கோட்டைச் சிதைவுகளுக்கு அருகில் கரா-சூ என்றொரு கிராமம் உள்ளது. 'கரா' கருமை, 'சூ' நீர் என்று அகராதி சொன்னதால், 'கரிய நீர்' என்று பொருள் எழுதி வைத்திருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியிடம் அதைப் பெருமையோடு படித்துக் காட்டினேன். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு, "வா, பலாம்" என்று, பிள்ளையை அழைப்பதுபோல் என்னை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்புறப் புல்வெளிக்கு நடந்தார். அங்கே புல்மேடுகளின் அடியிலிருந்து ஓசையே இல்லாமல் நீர் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு முழ அகலமே உள்ள ஓடை; அடியில் கரும்பச்சைப் பாசி படிந்திருக்க, அதன் மேல் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. பாட்டி குனிந்து ஒரு கை நீரை அள்ளிக் குடித்துவிட்டு விளக்கினார். பனியாறு உருகி மலையிலிருந்து வெளுப்பாய், கோடைப் பிற்பகல்களில் பெருகி வருவது அக்-சூ, அதாவது வெண்ணீர். மண்ணுக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, ஊற்றாய் வெளியே வருவது கரா-சூ. வெண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து சுருங்கிவிடும். கரா-சூ உறையாது, மார்கழி தை மாதங்களில் ஆவி பறக்க ஓடும், ஆடு மாடுகளை அங்கேதான் நீருக்கு ஓட்டி வருவார்கள். அவர் சொன்ன பிறகு பட்டியலை மறுபடி பார்த்தேன். நிறத்தைக் குறிப்பவை என்று நான் நினைத்திருந்த பெயர்களில் பல, நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். அன்றிரவு விளக்கடியில் உட்கார்ந்து, 'கரிய நீர்' என்பதை அடித்துவிட்டு 'ஊற்றுநீர் ஓடை' என்று எழுதினேன்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் ஏற்பட்ட குழப்பத்துக்கும் தீர்வு இதிலிருந்தே கிடைத்தது. ஓஷ் மாகாணத்தில் கரா-சூ என்ற நகரமே இருக்கிறது. முதல் வரைவில் நான் அந்த நகரத்தையும் இந்தக் கிராமத்தையும் குழப்பி, மக்கள்தொகையைத் தவறாகப் பதிந்திருந்தேன். அதன் பின் ஒவ்வொரு ஊருக்கும் எதிரே மாவட்டம், ஊராட்சி ஆகியவற்றோடு, அதன் நீர் எந்த ஆற்றில் சேர்கிறது என்பதையும் எழுதினேன். ஊராட்சிகளை மீண்டும் இணைக்கலாம், பிரிக்கலாம். ஆறு தன் இடத்திலேயே இருக்கும்.

அப்படி எழுதியபோது மாகாணமே வேறு வடிவில் தெரிந்தது. நரின் நகருக்குக் கிழக்கே, பெரிய நரினும் சிறிய நரினும் கூடும் இடத்துக்கு அருகில் உள்ள ஊருக்கு எகி-நரின், அதாவது 'இரு நரின்' என்று பெயர். அங்கே உருவாகும் நரின் ஆறு அத்-பஷு ஆற்றையும், ஜும்கல் ஆற்று நீரைக் கொண்டுவரும் கொகொமெரெனையும் சேர்த்துக்கொண்டு பெர்கானா பள்ளத்தாக்கில் கரா-தரியாவுடன் கூடி சிர்-தரியாவாகிறது. கொச்கொர் மாவட்டத்து நீர் இதில் சேர்வதில்லை. அங்கே ஜோன்-அரிக்கும் கொச்கொர் ஆறும் கூடிச் சூ ஆறாகி, இசிக்-கோல் ஏரியின் மிக அருகே வந்தும் அதற்குள் புகாமல் திரும்பி, கசக்ஸ்தானத்து மணலை நோக்கிப் போகிறது. சத்திர்-கோல் ஏரியின் நீர் எங்குமே வெளியேறுவதில்லை.

கடைசியாக எழுதியது அக்-சாய் ஆறு. அத்-பஷு மாவட்டத்தின் தென்கோடியில் தோன்றி, எல்லை கடந்து சீனாவுக்குள் சென்று தாரிம் படுகையில் சேர்கிறது. எல்லைப்பகுதி அனுமதி இல்லாததால் அதன் கரைக்கு நான் செல்லவில்லை. கோடையில் மந்தைகளோடு அங்கே ஏறிச் செல்லும் ஒரு மேய்ப்பர்தான் ஆற்றின் பெயரையும், அதில் கலக்கும் சில ஓடைகளின் பெயர்களையும் சொன்னார். அவற்றை அவர் உச்சரித்தபடியே எழுதிக்கொண்டேன். கையிலிருந்த பட்டியலில் அந்த ஆற்றங்கரைக்கு உரிய ஊர் எதுவும் இல்லாததால், ஊருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன்.