மெனுவில் மறைத்தால் பக்கம் பூட்டியதாகாது

கொழும்பில் நடுத்தரக் கம்பனி ஒன்றின் உள்ளகச் செயலியை எடுத்துக்கொள்வோம். லீவு, கொள்வனவு, சம்பளம், களஞ்சியம் என்று ஒரு 40 பக்கங்கள் இருக்கும். யார் எதைத் திறக்கலாம் என்ற கேள்வி எழுந்ததும் பலரும் முதலில் கை வைப்பது மெனுவில்தான். கணக்குப் பிரிவினருக்கு மட்டும் 'சம்பளம்' என்ற வரி தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தின் முகவரியை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், அதைத் தட்டும் எந்த ஊழியருக்கும் சம்பளப் பட்டியல் திறந்துவிடும். பூட்டு சேர்வரில் இருக்க வேண்டும், பக்கம் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கையின்போதும் சோதிக்கப்பட வேண்டும். இணையச் செயலிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பின் பத்துப் பெரும் அபாயங்கள் பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடு 2017இல் 5ஆம் இடத்தில் இருந்து 2021இல் முதலிடத்துக்கு வந்ததை, இந்த வேலை செய்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

பக்கத்தைப் பூட்டியவர்கள்கூட அதிகம் மறப்பது 'எக்செல்லில் இறக்கு' பட்டனை. அதற்குத் தனி முகவரி உண்டு. அச்சிடும் பிடிஎஃப், பக்கம் பின்னணியில் தரவு கேட்கும் முகவரி ஆகியவையும் அப்படியே. பக்கத்தைத் திறக்க எந்தப் பயனர் குழுவுக்கு அனுமதியோ, அதே அனுமதியையே இவை எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, முகவரியில் உள்ள இலக்கம். சம்பளச் சீட்டைப் பார்க்கும் பக்கம் எல்லா ஊழியருக்கும் உரியது. அங்கே 1042ஐ 1043 ஆக்கினால் பக்கத்து மேசைக்காரரின் சீட்டு வந்துவிடக் கூடாது. குழுச் சோதனையால் இதைப் பிடிக்க முடியாது. பதிவு யாருடையது என்பதைத் தனியே பார்க்கத்தான் வேண்டும்.

இந்த அனுமதிகளை வைக்கத் தரவுத்தளத்தில் அட்டவணைகள் ஐந்து போதும்: பயனர், குழு, பக்கம், எந்தப் பயனர் எந்தக் குழு, எந்தக் குழுவுக்கு எந்தப் பக்கம். பக்கத்துக்கு மாறாத குறியீடு ஒன்று கொடுங்கள், தலைப்பை நம்ப வேண்டாம். இங்கே மெனு சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்றிலும் மாறும். தலைப்பை வைத்து அனுமதி பார்க்கும் நிரல் மொழியை மாற்றியதும் குழம்பிவிடும். பயனருக்கும் அதே கதிதான். சிவகுமாரன் என்ற பெயரையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பயனரை அடையாளம் காட்ட ஊழியர் இலக்கமே பாதுகாப்பான சாவி.

சோதனையை ஒவ்வொரு பக்கத்திலும் எழுதாமல், எல்லாக் கோரிக்கையும் கடந்து போகும் ஒரே இடத்தில் எழுதி, அட்டவணையில் இல்லாத பக்கம் எவருக்கும் இல்லை என்று வைப்பது நல்லது. புதிய பக்கத்தைச் சேர்க்க மறந்தால் அன்றே தொலைபேசி வரும். எல்லாம் திறந்திருக்கும் ஏற்பாட்டில் அதே மறதி நேர்ந்தால், கூடுதலாகக் கிடைத்த அனுமதியைப் பற்றி யாரும் முறையிட மாட்டார்கள். அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

லொகின் செய்யாதவரை லொகின் பக்கத்துக்கு அனுப்புங்கள். லொகின் செய்தும் அனுமதி இல்லாதவருக்கு 403 (அனுமதி மறுப்பு) பக்கத்தைக் காட்டி, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மூன்று மொழியிலும் எழுதுங்கள். அவரையும் லொகினுக்கே திருப்பினால் சுற்றிக்கொண்டே இருப்பார்.

ஆக்டிவ் டைரக்டரியில் (கம்பனியின் பயனர்களையும் குழுக்களையும் பதிந்து வைக்கும் மைக்ரோசொஃப்ட் சேவை) இருந்து குழுக்களை எடுப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. பயனரின் 'மெம்பர்ஆஃப்' விவரத்தில் நேரடிக் குழுக்கள் மட்டுமே வரும், குழுவுக்குள் இருக்கும் குழு வராது. அதற்கு 1.2.840.113556.1.4.1941 என்ற தேடல் விதி வேண்டும். லொகின் நேரத்தில் குழுப் பட்டியலை செஷனில் (லொகின் முதல் வெளியேறும்வரை பயனருக்காக வைத்திருக்கும் தற்காலிக விவரம்) வைத்துவிட்டால், காலையில் நீக்கப்பட்டவர் வெளியேறாதவரை மாலைவரை உள்ளே இருப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் வாசிப்பது பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். காலப்போக்கில் பழுதாவது குழுப் பட்டியல். கொள்ளுப்பிட்டிக் கிளையில் கொள்வனவுக் கட்டளை எழுதியவர் மருதானைக்கு இடமாற்றமாகி, அங்கே கட்டளைகளை அங்கீகரிப்பவர் ஆகிறார். புதிய குழுவில் சேர்ப்பார்கள், பழையதிலிருந்து எடுக்க மாட்டார்கள். இப்போது எழுதுவதும் அங்கீகரிப்பதும் ஒரே ஆள். இடமாற்றக் கடிதம் வந்தால் பழைய குழுக்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே சரி. பதில் கடமைக்கு வருபவரைச் சேர்க்கும்போது முடிவுத் திகதியையும் அதே வரியில் எழுதுங்கள். திகதி தாண்டினால் அனுமதி தானாக விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவின் பெயர்ப்பட்டியலும் அந்தப் பிரிவு முகாமையாளரின் கையொப்பத்துக்குப் போக வேண்டும். சம்பளமும் மருத்துவச் சான்றிதழும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசும் தரவுகள் என்பதை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

வெளியிடும் முன் குழுவுக்கு ஒரு சோதனைக் கணக்கு வீதம் உருவாக்கி, எல்லாப் பக்கங்களையும் நேரடி முகவரியால் திறந்து பாருங்கள். 6 குழு, 40 பக்கம் என்றால் 240 சோதனை. கையால் செய்யாமல் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டலாம். எந்தக் குழுவிலும் இல்லாத ஏழாவது கணக்கு ஒன்றும் வேண்டும். அதற்கு முகப்பும் கடவுச்சொல் மாற்றும் பக்கமும் தவிர வேறொன்றும் திறக்கக் கூடாது.