சார்ஜரைக் கழற்றினால் வைஃபை போகிறது

ஞாயிறு இரவு எட்டு மணி எங்கள் வீட்டில் அக்காவின் நேரம். ரொறன்ரோவில் அப்போது காலை பத்தரை. அம்மா யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் காற்றுப்பட இருந்து, லப்டொப்பை ஸ்டூலில் வைத்துக் கதைப்பா. இரண்டு மாதமாக அந்தக் கதை அரை மணித்தியாலத்தைத் தாண்டவில்லை.

"தம்பி, அக்கான்ர முகம் அப்பிடியே நிண்டிட்டுது. ஓடி வா."

போய்ப் பார்த்தால், தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபடி அக்கா அசையாமல் இருப்பா. திரையின் மூலையில் வைஃபை அடையாளம் முழுதாகவே இருக்கும். ஆனால் ரவுட்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சிறு செய்தி) போகாது. வைஃபையை நிறுத்திப் போட்டாலும் சரிவராது, லப்டொப்பை ரீஸ்டார்ட் பண்ணத்தான் வேண்டும்.

"அறைக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லை. விறாந்தைக்கு வந்தாத்தான் இப்பிடி" என்றா அம்மா. தூரம்தான் காரணம் என்று நானும் நம்பி, கஸ்தூரியார் வீதியில் வைஃபையைத் தூரத்துக்குக் கடத்தும் ஒரு றிப்பீட்டர் வாங்கி வந்து விறாந்தைச் சுவரில் மாட்டினேன். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதே கதிரையில் என் போன் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

அம்மா சொன்னது சரிதான். ஆனால் அறைக்கும் விறாந்தைக்கும் இடையில் தூரத்தைத் தவிர இன்னொரு வித்தியாசம் இருந்தது. அறையில் மேசையோடு பிளக் இருக்கிறது, விறாந்தையில் இல்லை. லப்டொப்பை அறைக்குள்ளேயே வைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு பிங் ஓடவிட்டேன். பதினேழாவது நிமிடம் நின்றது.

லினக்ஸின் மையமான கேர்னலின் பதிவைத் திறந்தால் சிவப்பாக ஒரே வரி திரும்பத் திரும்ப: வைஃபை கார்டின் ஃபேர்ம்வெயர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) பவர் சேவ் என்ற மின் சிக்கன நிலையை விட்டு வெளியே வரவில்லை. நித்திரைக்குப் போன கார்ட் எழும்பவில்லை.

பவர் சேவ் என்பது தவறான யோசனை அல்ல. கார்ட் தன் ரேடியோவை அணைத்துவிடும். அதற்கு வரும் தரவை ரவுட்டர் பிடித்து வைத்திருக்கும். வழக்கமாக 102.4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை ரவுட்டர் விடும் பீக்கன் என்ற அறிவிப்பில் "உனக்குச் சாமான் இருக்கு" என்ற குறிப்பு வரும், கார்ட் கண்விழித்து வாங்கும். என் கார்ட் அந்தக் கண்விழிப்பில்தான் சிக்கியது.

இந்தச் சிக்கனத்தை வைத்தது நான்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். பற்றரியை ஒவ்வொரு நிமிடமாக இழுத்துப் பிடிக்க டிஎல்பி என்ற பற்றரிச் சிக்கன மென்பொருளைப் போட்டேன். அது அன்று பெரிய உதவி. பிறகு கரண்ட் வந்தது, டிஎல்பி அப்படியே கிடந்தது. பற்றரியில் ஓடும்போது வைஃபை பவர் சேவை ஒன் பண்ணுவது அதன் இயல்பான அமைப்பு.

வைஃபையை அமைக்கும் ஐடபிள்யூ கட்டளையால் பவர் சேவை ஓஃப் பண்ணினேன். சார்ஜரைச் செருகிக் கழற்றிவிட்டுப் பார்த்தால் திரும்பவும் ஒன். சார்ஜருக்கும் பற்றரிக்கும் இடையில் மாறும்போதெல்லாம் டிஎல்பி தன் அமைப்பைத் திரும்பப் போடும். ஆகவே டிஎல்பியின் கோப்பிலேயே பற்றரிக்கான வைஃபை வரியை ஓஃப் ஆக்க வேண்டும். உபுண்டு லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வேர்க் மேனேஜரும் இதே வேலையைச் செய்கிறது. அதன் கோப்பில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருக்கும். 3 என்றால் ஒன், 2 என்றால் ஓஃப்.

இரண்டையும் மாற்றிய பிறகு மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் ஒருமுறை விழுந்தது. மிச்சம் இருந்தது ஏஎஸ்பிஎம்: கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பே நித்திரைக்குப் போவது. என் வைஃபை கார்டின் டிரைவரில் அதை மட்டும் நிறுத்த ஒரு தெரிவு இருந்தது, போட்டேன். அப்படித் தெரிவு இல்லாதவர்கள் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப்பில் ஏஎஸ்பிஎம் பொலிசியை "பெர்ஃபோமன்ஸ்" என்று வைக்கலாம். பலர் சொல்லும் "பிசிஐஇ ஏஎஸ்பிஎம் ஓஃப்" என்ற வரியை நம்பாதீர்கள். அது ஏஎஸ்பிஎம்மை நிறுத்தாது, மதர்போர்டின் பயோஸ் வைத்ததைக் கேர்னல் தொடாமல் விடும், அவ்வளவுதான்.

போன ஞாயிறு அம்மா விறாந்தையில் ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் கதைச்சா. அக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டும் வந்தா. பற்றரி 11 வீதத்துக்கு வந்தபோது அறையிலிருந்து வயர் இழுத்துச் சார்ஜரைச் செருகினேன். அவர்கள் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.